அம்மாவுக்கு ஆறாம் வார்த்தை

பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கினால் எங்கள் சபையில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "உங்களுக்கு எத்தனாவது?" என்றுதான் கேட்பார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் நின்று இதைப் பேசினால், பக்கத்தில் நிற்கிறவர் ரேஷன் கடை வரிசை என்று நினைத்துக்கொள்வார். விஷயம் வேறு. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை அன்று மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பிரசங்கிக்க வேண்டும். ஏழு பேரும் சபை மக்கள். ஆயர் நடுநடுவே ஜெபம் மட்டும் சொல்வார். வருஷம் முழுக்க அவர் பேச்சை நாங்கள் கேட்டதற்கு அன்று ஒருநாள் அவர் எங்கள் பேச்சைக் கேட்டுக் கழிக்கிறார்.

என் அம்மா பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு இந்த ஏற்பாட்டில் ஓர் இலக்கணக் குறை உண்டு. "ஏழு வார்த்தைங்கறாங்க. எல்லாம் முழு வாக்கியம். ஆறாவது ஒண்ணுதான் நெஜமாவே ஒரு வார்த்தை" என்பாள். ஆறாவது, முடிந்தது. எழுவாய் இல்லை, செயப்படுபொருள் இல்லை, தனியாக ஒரு சொல். அதன்மேல் அவளுக்குப் பல வருஷமாக ஒரு கண். ஆனால் கிடைத்ததில்லை.

காரணம், பழைய ஆயரின் கொள்கை. அவரவர் தொழிலுக்குத் தக்க வார்த்தை என்று அவர் வகுத்து வைத்திருந்தார். குடிநீர்த் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவருக்கு வருஷா வருஷம் ஐந்தாவது: தாகம். கட்டட கான்ட்ராக்டர் ஒருவருக்கு ஆறாவது. இந்தக் கான்ட்ராக்டர் எடுத்துக் கட்டும் சபை மண்டபத்துக்கு நான் கல்லூரியில் படிக்கும்போது அஸ்திவாரம் போட்டார்கள். எனக்குத் தலை நரைத்துவிட்டது, மண்டபம் இன்னும் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் பீடத்தில் ஏறிக் கண்ணை மூடிக் கனத்த குரலில் "முடிந்தது" என்று ஆரம்பிக்கும்போது பாடகர் குழுவில் ஒரு வரிசையே குனிந்து கைக்குட்டையைத் தேடும். மூன்றாவது வார்த்தை, அதாவது இயேசு தன் தாயை ஒரு சீடனிடம் ஒப்படைத்த வார்த்தை, எப்போதும் ஒரு பெண்ணுக்கு. தாய் வருகிறாள் அல்லவா, அதனால். அந்தப் பெண் என் அம்மா. மற்ற ஆறில் பெண்ணுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, அம்மாவைத் தவிர. அவளும் என்னிடம்தான் கேட்டாள்.

அப்பா இறந்த பிறகு முடிச்சூர்ப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக ஜெபிக்காதவர் சபையில் ஒருவரும் இல்லை, இப்போது எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். குரோம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் வேலை. அண்ணன் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான். நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரே சண்டையில் விஷயத்தை முடித்திருப்பேன்.

போன மழைக்கு முந்தின மழையில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து கட்டில் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அதிலிருந்து அண்ணனுக்கு நிம்மதி இல்லை. அடுத்த மழை வருவதற்குள் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். ஆகஸ்டில் ஒருநாள் போனில் சொன்னான்.

"பதினாலாவது மாடிம்மா. தண்ணியே வராது."

"தண்ணியே வராதா? அப்ப எப்படிப்பா குளிப்பீங்க?"

"வெள்ளத் தண்ணிம்மா! எப்ப வர்றீங்க? அத சொல்லுங்க."

அம்மா யோசித்தாள். "அறுப்பின் பண்டிகை முடியட்டும்ப்பா."

அம்மா போய்விட்டால் அந்த வீட்டில் நானும் தண்ணீர் மோட்டாரும்தான். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மகன் கூப்பிடுகிறான், மகள் தடுக்கிறாள் என்று பேர் வரக்கூடாது என்று வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணனிடம் மட்டும் தனியாகப் போனில் சண்டை போட்டேன்.

அறுப்பின் பண்டிகை என்பது விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைக்கிற நாள். தாம்பரத்தில் விளைவது அடுக்குமாடி மட்டுமே. ஆகவே சபையார் சூப்பர் மார்க்கெட்டில் விளைந்த காலிஃபிளவரை விலைச் சீட்டோடு கொண்டுவந்து படைப்பார்கள். பொத்தேரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பையன்கள் ஒரு அட்டைப்பெட்டி நூடுல்ஸ் வைத்தார்கள். "எங்க ஏரியாவுல இதான் ஆன்ட்டி விளையுது" என்றார்கள். அம்மா மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி, வீட்டுக்கு வந்து பூந்தொட்டியிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து அதன்மேல் அப்பினாள். "கர்த்தருக்குத் தெரியாதா?" என்றேன். "அவருக்குத் தெரியும். மாதர் சங்கத்துக்குத் தெரியாது" என்றாள்.

பண்டிகை முடிந்தது. அண்ணன் போன் செய்தான். "கல்லறைத் திருநாள் முடியட்டும்" என்றாள். நவம்பரில் குடை பிடித்துக்கொண்டு அப்பாவின் கல்லறைக்குப் பூ வைத்தோம். காற்று பூவைத் தூக்கிப் பக்கத்துக் கல்லறையில் போட்டது. அங்கே படுத்திருந்தவர் அப்பாவோடு கடைசிவரை பேசாதவர். அம்மா நின்று பார்த்துவிட்டு, "சமாதானம் ஆயிட்டாங்க போல" என்று அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

பிறகு, "கேரல் ரவுண்ட்ஸ் முடியட்டும்." டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாட வேண்டும். அந்த வருஷம் எங்கள் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். கிறிஸ்துமஸ் தாத்தா சிவப்புக் கால்சட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினார். தண்ணீரில் வழி தவறி, எங்கள் காலனியில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒரு சாரின் வீட்டுக்குள் மொத்தக் கூட்டமும் நுழைந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டது. தாத்தா பதறி மன்னிப்புக் கேட்டார். அந்த சார் நிதானமாகக் கேட்டார்: "வேஷ்டி கட்டின தாத்தா உண்டா உங்ககிட்ட? இந்த தண்ணிக்கு அதான் சார் சரி." எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் விழும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்கு. அம்மாவுக்கு விழுந்தது, உன் போக்கையும் வரத்தையும் கடவுள் காப்பார் என்ற பொருளில் ஒரு வசனம். அண்ணன் வீடியோ காலில் துள்ளினான்.

"போக்குன்னே போட்டிருக்கு பாருங்க. கர்த்தரே கிளம்பச் சொல்லிட்டார்!"

"வரத்துன்னும் போட்டிருக்கேப்பா" என்றாள் அம்மா. "நான் போயி, திரும்பியும் வந்துட்டேன்னு வச்சுக்கோயேன்."

அண்ணன் விடவில்லை. "அப்ப எப்பதான் வருவீங்க?" என்றான். "லெந்து முடியட்டும்" என்றாள். உபவாச காலமான லெந்து முடிந்தால் ஈஸ்டர். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காரில் கூட்டிப் போய்விடுவதாக அண்ணன் முடிவு பண்ணினான். அதற்குமேல் தள்ளிப்போடப் பெரிய பண்டிகை கிடையாது என்று அவனுக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கினவன்.

லெந்து தொடங்கும்போது எங்களுக்குப் புது ஆயர் வந்திருந்தார். இளைஞர். ஏழு வார்த்தைகளில் முந்தின வருஷம் நடந்த கதையைக் கேள்விப்பட்டிருந்தார். அந்த வருஷம் குடிநீர் அங்கிள் தாகத்தைப் பற்றிப் பேசும்போது செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டத்தில் ஆரம்பித்து லாரித் தண்ணீர், போர்வெல், மினரல் கேன் என்று ஒவ்வொன்றாக வர்ணிக்க, உபவாசத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொருவராக நழுவி வெளிக்குழாயடியில் வரிசை கட்டிவிட்டார்கள். கான்ட்ராக்டர் "முடிந்தது" என்று ஆரம்பித்தபோது உள்ளே பாடகர் குழு மட்டும் இருந்தது. ஆகவே புது ஆயர் அறிவித்தார்: இந்த வருஷம் சீட்டு. இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள், நமக்கென்ன. பெயர்களெல்லாம் ஒரு காணிக்கைப் பையில், முதலாவதிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பெயர்.

கான்ட்ராக்டருக்கு முதலாவது விழுந்தது: அறியாமல் செய்கிறவர்களுக்கு மன்னிப்புக் கேட்கும் வார்த்தை. ஆலயமே ஒரு பெருமூச்சு விட்டது. குடிநீர் அங்கிளுக்கு இரண்டாவது, பக்கத்துச் சிலுவைக் கள்ளனுக்குப் பரதீசு, அதாவது சொர்க்கம், தரும் வார்த்தை. மூன்றாவதுக்குப் பையில் கை விட்ட ஆயர் என் பெயரை வாசித்தார்.

நான் எழுந்து நின்று, நான் பெயர் போடவே இல்லை என்றேன். பக்கத்தில் அம்மா முழங்கையால் இடித்தாள். "நான் போட்டேன். உக்காரு" என்றாள். நாலாவதும் ஐந்தாவதும் யார் யாருக்கோ போயின. ஆறாவது அம்மாவுக்கு வந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலை மட்டும் கீழே ஆட்டிக்கொண்டிருந்தாள், சின்னப் பெண் போல.

குருத்தோலை ஞாயிறு பவனியில் ஒரு மாடு பின்னாலிருந்து வரிசையாக ஓலைகளைத் தின்றுகொண்டே ஆலய வாசல்வரை வந்தது. அதையும் சிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த வாரம் அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள். பரணிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை ஆள் வைத்து இறக்கினாள். உதவிக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். நான் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கினேன். அன்று குழம்புக்கு வெங்காயம் தேவையே இல்லை. அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

வியாழன் மாலை அண்ணன் பெங்களூரிலிருந்து காரோட்டி வந்தான். அண்ணி பிள்ளைகளின் பரீட்சைக்காக அங்கேயே இருந்துவிட்டாள். ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் வருகிறவன், வந்ததும் கட்டி வைத்த பெட்டிகளைத்தான் பார்த்தான். "அப்பாடா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனுக்குச் சர்க்கரை போடாத காப்பியைக் கொடுத்தேன். அவன் அதையும் நன்றாக இருக்கிறது என்றான். சொன்னேனே, நல்லவன்.

பெரிய வெள்ளி. உச்சி வெயில். ஃபேன்கள் வெந்நீரைக் கலக்குவதுபோல் காற்றைக் கலக்கின. பீடத்தின் கீழே சபைச் செயலர் ஒரு மேஜை மணியோடு உட்கார்ந்திருந்தார், நேரம் தாண்டினால் அடிக்க. அதற்கும் அடங்காவிட்டால் மைக்கை அணைப்பதற்கு அனகாபுத்தூரிலிருந்து வந்த மைக் செட் அண்ணன் தூணருகே தயாராக நின்றார்.

கான்ட்ராக்டர் ஏறினார். "மன்னிப்பு என்பது ஒரு கட்டடம். அது உடனே எழும்பிவிடாது. காலம் எடுக்கும்" என்றார். பின்வரிசையில் யாரோ தன்னை மறந்து, "அதான் பாக்கறோமே" என்றார்கள். அடுத்து குடிநீர் அங்கிள். பரதீசில் தண்ணீருக்கு இடமில்லை என்று நம்பியிருந்தோம். அவர் முதல் மனிதன் வாழ்ந்த ஏதேன் தோட்டத்துக்குப் போய் நான்கு ஆறுகளைக் கொண்டுவந்துவிட்டார். நான்கிலும் ஆண்டு முழுவதும் நீரோட்டம், ஆக்கிரமிப்பு கிடையாது என்றார். மணி அடித்தது.

மூன்றாவது நான். அண்ணன் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது.

"எங்கள் ஆபீசில் நாமினி என்று ஒன்று உண்டு. நமக்குப் பிறகு நம்முடையது யாருக்கு என்று பெயர் கொடுத்து வைப்பது. ஆண்டவர் அன்றைக்குச் சிலுவையில் இருந்தபடி அந்தக் காரியத்தைத்தான் செய்தார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். சீடனிடம் சொன்னார், தாயிடம் சொன்னார். சீடனும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். அந்த அம்மாவுக்குப் போக விருப்பமா என்று யாராவது கேட்டதாக எழுதியிருக்கிறதா? அவளுக்கு நாசரேத்தில் ஒரு வீடு இருந்திருக்கும். அக்கம்பக்கம் இருந்திருக்கும். அம்மா என்ன, மெச்சூரிட்டி ஆன பாலிசியா, ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாற்ற?"

இதைச் சொல்லும்போது நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். செயலர் நேரம் ஆகாமலே பயத்தில் மணியை அடித்துவிட்டார். நான் இறங்கிவிட்டேன். ஆயர் ஜெபம் சொல்ல, சபை "எங்களுக்கு இரங்கும்" என்றது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு அப்படிச் சொல்வது முறை.

நாலாவதில் ஆலயத்தின் பின்புறமிருந்து கஞ்சி மணம் வர ஆரம்பித்தது. ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி. ஐந்தாவது பேசியவரை யாரும் கேட்கவில்லை, மூக்குகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. பிறகு அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று பீடம் ஏறினாள். கையில் காகிதம் இல்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"முடிந்தது" என்றாள். "எழுவாய் எங்கே?"

பாடகர் குழுவில் அவளிடம் பத்தாம் வகுப்பில் படித்த ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், சட்டென்று கை தூக்கிவிட்டு, பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டாள்.

"எழுவாய் இல்லை. எது முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். கூட்டம் முடிந்தது என்றால், தீர்ந்தது. என்னால் முடிந்தது என்றால், இயன்றது. அவருக்கு இரண்டும் பொருந்தும். இயன்றதால் தீர்ந்தது. முந்தின இரவு தோட்டத்தில் ஜெபிக்கும்போது, என்னால் முடியாது என்று சொல்லிவிடலாமா என்று அவருக்கே ஒரு நிமிஷம் இருந்தது. தகப்பனிடம் மனதைத் திறந்து கேட்டார். அவருக்குக் கேட்க ஒரு வாய் இருந்தது."

அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. உபவாசம். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"நான் இந்த வருஷம் முழுக்க என் மகனிடம் ஒரே சொல்லைச் சொன்னேன். அறுப்பின் பண்டிகை முடியட்டும். கிறிஸ்துமஸ் முடியட்டும். லெந்து முடியட்டும். வேர்ச்சொல் ஒன்றுதான், விகுதியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய விகுதி வேறு. பெற்ற பிள்ளையிடம் அது வாயில் வரவில்லை. இன்றைக்கு எனக்கு இந்த வார்த்தையைக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். மகனே, என்னால் வர முடியாது. முடிந்தது. ஆமென்."

இறங்கிவிட்டாள். செயலர் மணிமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஆயர் என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கமான ஜெபத்தை வாசித்தார். சபை வழக்கம்போல் "எங்களுக்கு இரங்கும்" என்றது. அந்தச் சத்தத்தில் அண்ணனின் குரல் தனியாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஒரே ஒரு சங்கடம். மூன்று மணிக்குத்தான் ஆலய மணி அடிக்க வேண்டும். அம்மா இத்தனை சீக்கிரம் முடிப்பாள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஏழாவது வார்த்தைக்காரர் இழுத்துப் பார்த்தார், பற்றவில்லை. மீதியைத் தான் பேசித் தருவதாகக் குடிநீர் அங்கிள் எழுந்தார். ஆயர் பாய்ந்து, எட்டுச் சரணமுள்ள ஒரு பாட்டை அறிவித்து, அது தீர்ந்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம் பாட வைத்தார்.

கஞ்சி வரிசையில் மைக் செட் அண்ணன் என்னிடம் வந்தார். "இன்னா சிஸ்டர், நானும் வருசா வருசம் வந்துகினு கீறேன். டைமுக்கு முன்ன முட்ச்சது உங்க அம்மா ஒருத்தங்கதான்" என்றார்.

அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மாவின் எதிரே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"வீட்லயே சொல்லியிருக்கலாமேம்மா. எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டீங்களே."

"வீட்ல சொன்னா, சரி சரி அப்புறம் பேசலாம்ப. இங்க நடுவுல பேச முடியாதுல்ல? அதான். மானமெல்லாம் போகலப்பா. பாதிப் பேரு கஞ்சிய நெனச்சுகிட்டு இருந்தாங்க."

அதற்குள் குடிநீர் அங்கிளே வந்து, "டீச்சரம்மா, முடியாதுன்னு சொன்னீங்களே, முட்டி வலியா? நல்ல டாக்டர் ஒருத்தர் சேலையூர்ல இருக்கார்" என்றார். அம்மா அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

அங்கிள் நகர்ந்ததும் அண்ணன் கேட்டான். "அங்க என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்ல. லிஃப்ட் இருக்கு. வேலைக்கு ஆள் இருக்கு. நீ என்னை ராணி மாதிரி வச்சுக்குவ." கஞ்சியை ஊதினாள். "அங்க எனக்கு யாரு வார்த்தை குடுப்பா?"

அண்ணன் யோசித்தான். அவன் போகும் ஆலயத்தில் எல்லாம் ஆங்கிலத்தில், திரையில் எழுத்து ஓடும், ஏழு வார்த்தையையும் பாஸ்டரே பேசிவிடுவார். "கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லிக் குடுத்தியா?"

நான் கொதித்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் அம்மா குறுக்கிட்டாள். "அவ எங்க சொல்லிக் குடுத்தா? நாமினி கீமினின்னு நல்லாத்தான் பேசுனா. அம்மாவ யாராவது கேட்டாங்களான்னு கேட்டா." என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அண்ணனோடு சண்டை போட்டேன், வெங்காயம் நறுக்கினேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றேன். அண்ணன் என் கிண்ணத்தில் கொஞ்சம் துவையலை வைத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை போலும்.

ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. மூவரும் ஒரே வரிசையில் நின்று பாடினோம். பெங்களூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை கிளம்பும்போது அண்ணன், "பெட்டிங்கள பிரிச்சு அலமாரில அடுக்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"பிரிக்காத. அது கார்ல ஏத்தத்தான்" என்றாள் அம்மா.

அவன் புரியாமல் ஒன்றைத் திறந்தான். உள்ளே புடவை இல்லை. அவனுடைய பழைய கிரிக்கெட் கால்பட்டை, ஞாயிறு பள்ளியில் வாங்கிய கோப்பைகள், ராணி இல்லாத சதுரங்கக் காய்கள், நெஞ்சில் பந்து படம் போட்ட பனியன். எல்லாவற்றுக்கும் அடியில், ஐந்தாம் வகுப்பில் கை உடைந்தபோது போட்டு அறுத்தெடுத்த மாவுக்கட்டு, அவன் நண்பர்கள் கிறுக்கிய படங்களோடு, துணியில் சுற்றி. குருத்தோலை வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கட்டியது இதைத்தான். நான் இரண்டு கிலோ வெங்காயத்தை வீணாக்கியிருந்தேன்.

"ரெண்டு வெள்ளத்துக்கும் பரண்ல ஏத்தி எறக்கிக் காப்பாத்தியாச்சு. இனிமே என்னால முடியாது" என்றாள் அம்மா. "பதினாலாவது மாடிக்குத் தண்ணி வராதுன்ன இல்ல?"

அண்ணன் மாவுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதைத் தன் முழங்கைமேல் வைத்துப் பார்த்தான், அது பாதிக்குக்கூட வரவில்லை. பிறகு பெட்டியை மூடி, இரண்டையும் தானே தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தான். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதால் நானும் போகவில்லை.

காரைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். அம்மா குனிந்து கேட்டாள்.

"அடுத்த பெரிய வெள்ளிக்கு வருவியாப்பா? உன் பேரையும் சீட்டுல போடச் சொல்றேன். உனக்கும் ஒரு வார்த்தை விழும்."

அண்ணன் முகம் மலர்ந்தது. பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"மார்ச் முடியட்டும்மா. ஆபீஸ்ல பாத்துட்டு சொல்றேன்."

கார் தெருமுனையில் திரும்பும்வரை அம்மா கையாட்டினாள். கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:

"முடியாதுங்கறான்."